பொகாஷி வாளியில் சோறு சோறாகவே இருக்கிறதென்றால்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். சென்னையில் மூன்றாம் மாடி வீடு, மண்தரை கிடையாது, பால்கனியில் ஏழெட்டுப் பூந்தொட்டிகள் மட்டும் உண்டு. சமையலறைக் கழிவைப் பொகாஷி வாளியில், அதாவது காற்றுப் புகாமல் மூடிக் கழிவைப் புளிக்கவைக்கும் வாளியில் போட்டு, நுண்ணுயிர் ஏற்றிய தவிடு தூவி, விற்றவர் சொன்னபடி இரண்டு வாரம் அடைத்து வைத்துத் திறந்தால், சோறு சோறாகவும் வாழைப்பழத் தோல் தோலாகவும் கிடக்கின்றன. மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. புளித்த வாடை அடிக்கிறது. இது எருவாகிவிட்டதா, கெட்டுப்போய்விட்டதா, அப்படியே செடிக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒரே கேள்விதான்: இரண்டு வாரத்தில் எரு என்று சொல்லி உங்களிடம் விற்ற வாளி பாதி வேலையை மட்டுமே செய்கிறது, மீதிப் பாதியை மண்ணில்லாத வீட்டில் எங்கே வைத்துச் செய்வது?

முதலில் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் வாளி கெடவில்லை. நன்றாகவே வேலை செய்திருக்கிறது. நான் உணவு நுண்ணுயிரியல் படித்து, அதையே பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவன். வீட்டில் இரண்டு வாளிகளை மாற்றி மாற்றி ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஆகவே வாளிக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்வது என் படிப்பிலிருந்து வருகிறது. மண்ணையும் செடியையும் பற்றிச் சொல்வது பெரும்பாலும் என் மாடித் தொட்டிகள் கற்றுத்தந்தது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டாம்.

கால்நடை வளர்ப்போர் பசுந்தீவனத்தை நறுக்கி, குழியில் போட்டு மிதித்து, காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்துவதை ஊறுகாய்ப்புல் என்பார்கள். பொகாஷியை விளக்க அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை. காற்றில்லாத இடத்தில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன, பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் அங்கே தலையெடுக்க முடியாது. இட்லி மாவு புளிப்பதும் தயிர் தோய்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களின் வேலைதான். ஊறுகாயில் எலுமிச்சை எப்படி ஆறு மாதம் எலுமிச்சையாகவே இருக்கிறதோ, அப்படித்தான் உங்கள் வாளியில் சோறு சோறாக இருக்கிறது. மட்கச் செய்வது வாளியின் வேலை இல்லை. அழுகாமல் காப்பதுதான் அதன் வேலை. எருவாவது அதற்குப் பிறகு, மண்ணில், காற்றோட்டத்தில்.

எடையும் பெரிதாகக் குறையாததற்குக் காரணம் இதுவே. இந்த பாக்டீரியாக்களில் ஒரு வகை, சர்க்கரையை முழுவதுமாக லாக்டிக் அமிலமாக மாற்றும், வாயுவே வெளியேறாது. இன்னொரு வகை அமிலத்தோடு சிறிது ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். இட்லி மாவு பொங்குவது இதனால்தான், வாளியின் மூடி சில நாளில் லேசாக உப்பியிருப்பதும் இதனால்தான். இரண்டிலும் பொருளின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. கண்ணுக்கு மாறாததுபோல் தெரிந்தாலும் வாழைத்தோலை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள்: அது முதல் நாள் இருந்த விறைப்போடு இராது, வேகவைத்ததுபோல் கூழாகப் பிரியும். செல்சுவர்கள் தளர்ந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். மண்ணுக்குள் போனதும் இது பச்சைக் கழிவைவிட வேகமாக மறைவதற்கும் இதுவே காரணம்.

பொகாஷி என்ற ஜப்பானியச் சொல்லுக்கு, நிறத்தை மெல்ல மெல்ல மங்கச் செய்து இழைப்பது என்று பொருள். மர அச்சு ஓவியங்களில் வானத்தின் நீலத்தைக் கீழ்நோக்கி வெளுக்கச் செய்யும் உத்திக்கும் இதே பெயர்தான். அந்நாட்டு உழவர்கள் தவிடு, பிண்ணாக்கு, மீன்தூள், மண் ஆகியவற்றைக் கலந்து புளிக்கவைத்துத் தயாரித்த உரத்தை முன்பிருந்தே இப்பெயரால் அழைத்துவந்தார்கள். சமையலறைக் கழிவை வாளியில் அடைக்கும் இன்றைய முறை பரவியது, ஒகினாவாவிலுள்ள ரியூக்யூ பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய இ.எம். என்ற நுண்ணுயிர்க் கரைசலோடு சேர்ந்துதான். நம்மூர் இயற்கை உழவர்கள் சிலர் திறமி நுண்ணுயிர் என்று சொல்வது இதைத்தான். அதில் லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளியைப் பயன்படுத்தும் பாக்டீரியா என்று மூன்று கூட்டம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

இங்கேதான் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரிக்க வேண்டும். லாக்டிக் அமில பாக்டீரியா கழிவைப் புளிக்கவைத்துக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஈஸ்ட் உடன் இருந்தால் வாடை சற்று இனிமையாக இருக்கும், அதுவும் சரி. ஆனால் மூடி போட்ட இருட்டு வாளியில் ஒளியைப் பயன்படுத்தும் பாக்டீரியா என்ன பெரிய பங்காற்றிவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தக் கரைசல் மண்ணையே மாற்றிவிடும், நோயை விரட்டும், விளைச்சலைக் கூட்டும் என்னும் பேச்சுக்கு இருக்கும் ஆதாரம் மிக மெலிந்தது. சுவிட்சர்லாந்தில் 2003 முதல் 2006 வரை நடந்த ஒரு வயல் ஆய்வில், உயிருள்ள கரைசலையும் வெப்பத்தால் கிருமிநீக்கம் செய்த அதே கரைசலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; தெரிந்த பலன் கூடவே இடப்பட்ட பொகாஷித் தவிட்டின் ஊட்டத்தால் வந்ததே தவிர, நுண்ணுயிரால் வந்ததாகத் தெரியவில்லை. அது குளிர்நாட்டு வயல், நம்முடையது வெப்பநாட்டுத் தொட்டி என்பது உண்மைதான். ஆயினும், விலை அதிகமுள்ள புட்டியை வாங்குவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் வெகுநாளாகக் கடைத் தவிடு வாங்குவதில்லை. அரிசி களைந்த முதல் தண்ணீரை வாயகன்ற பாட்டிலில் ஊற்றி, துணி கட்டி இரண்டு மூன்று நாள் வைத்தால் மெல்லிய புளிப்பு வாடை வரும். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு பால் சேர்த்து மூடி வைத்தால், சில நாளில் மேலே தயிர்க்கட்டிபோல் மிதந்து, அடியில் மஞ்சள் நிறத் தெளிநீர் தங்கும். கொரிய இயற்கை வேளாண்மை முறையில் பெயர்பெற்ற தயாரிப்பு இது. இ.எம். கரைசலுக்குப் பதிலாக அந்தத் தெளிநீரே போதும். ஒரு கிலோ தவிட்டுக்கு இதில் 20 மி.லி., கரைத்த வெல்லம் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் ஏறக்குறைய 300 மி.லி. கலந்து பிசைய வேண்டும். கையில் அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், சொட்டக் கூடாது, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பக்குவத்தில் பையில் அழுத்திக் காற்றை வெளியேற்றிக் கட்டி இரண்டு வாரம் வைத்து, பிறகு நிழலில் உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது. கோதுமைத் தவிடோ எண்ணெய் எடுத்த அரிசித் தவிடோ எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு விரைவில் சிக்குவாடை பிடித்துவிடும்.

வாளியை நிரப்பும் விதத்தைப் பற்றி வெளிநாட்டுக் குறிப்புகளில் காண்பவற்றை நம் சமையலுக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே கழிவு பெரும்பாலும் காய்த்தோலும் ரொட்டியும். இங்கே குழம்பு ஊறிய சோறு. நீர் அதிகமானால் அமிலம் நீர்த்துப்போகும், பி.எச். இறங்கத் தாமதமாகும், அதற்குள் அழுகல் முந்திக்கொள்ளும். ஆகவே சாம்பார், ரசம், மோர் எதையும் ஊற்றாதீர்கள். மிஞ்சிய சாதத்தை வடிகட்டியில் போட்டு அரைமணி நேரம் விட்டபின் சேருங்கள். நாளெல்லாம் வாளியைத் திறக்காமல், கழிவை ஒரு மூடிய பாத்திரத்தில் சேர்த்து, இரவில் ஒரே முறை கொட்டி, கிலோவுக்கு ஒரு கைப்பிடி தவிடு தூவி, தட்டால் நன்றாக அழுத்துங்கள். அழுத்தும்போது வெளியேறும் காற்றுதான் வெற்றியின் பாதி. மேற்பரப்பின்மேல் ஒரு பாலிதீன் தாளைப் படிய விரித்து மூடியை இறுக்குங்கள். மீன் தலை, கோழி எலும்பு, காபிச் சக்கை, எலுமிச்சைத் தோல் எல்லாம் போகலாம். மாங்கொட்டை, தேங்காய் நார், முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவை புளிக்கும், ஆனால் மண்ணில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். முட்டையோட்டை நான் வாளியில் போடுவதில்லை. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து நமக்கு வேண்டிய அமிலத்தையே தின்னும். அதே காரணத்தால் மண் கலக்கும் கட்டத்தில் அது நன்மை செய்யும். பொடித்து அங்கே சேருங்கள்.

வெள்ளைப் பூப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். பச்சை, நீலம், கறுப்பு நிறப் பூஞ்சை தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். கொஞ்சமாக இருந்தால் அந்தப் பகுதியை அள்ளிவிட்டுத் தவிடு கூட்டிப் போடலாம். மூக்குதான் நம்பகமான கருவி: ஊறுகாய், பழைய சோற்று நீராகாரம், தென்னங்கள்ளு ஆகியவற்றின் வாடை சரியானது, அழுகிய முட்டை, செத்த எலி வாடை சரியில்லாதது. இதில் குழப்பமே வராது. ஐயமிருந்தால் பி.எச். தாள் வாங்கி, வாளியின் அடியில் சேரும் கசிவுநீரில் தோய்த்துப் பாருங்கள். தாள் இல்லாவிட்டால் செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் நாலு சொட்டு விடுங்கள். அமிலமாயின் அடர்ந்த இளஞ்சிவப்பாகும். எண் சொல்லாது, திசை சொல்லும். நம் வெப்பம் இந்த பாக்டீரியாக்களுக்கு உகந்தது. 30 முதல் 40 டிகிரி வரை அவை சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் சித்திரை வெயில் நேராக அடிக்கும் பால்கனி மூலை வேண்டாம். சமையல் மேடையின் அடிதான் சரியான இடம்.

இனி மீதிப் பாதி. உங்களுக்குத் தேவை ஒரு மண்தொட்டி. அதில் செடி வைக்கக் கூடாது. 20 லிட்டர் வாளிக்கு 40 லிட்டர் மண் என்று கணக்கு வைத்தால், 75 அல்லது 80 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வேண்டியிருக்கும். அடியில் துளையிட்டு, இரண்டு செங்கல்மேல் நிறுத்தி, கீழே ஒரு தட்டு வையுங்கள். நிரம்பியபின் 60 கிலோவுக்கு மேல் கனக்கும், நகர்த்த முடியாது. அதனால் முதலிலேயே இடத்தை முடிவு செய்துவிட வேண்டும். மண்ணுக்கு நர்சரியில் கிடைக்கும் செம்மண்ணும் உங்கள் பழைய தொட்டி மண்ணும் போதும். கால்பங்கு தென்னை நார்க்கழிவு சேர்த்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கும். அடியில் கொஞ்சம் மண், அதன்மேல் வாளிச் சரக்கையும் மண்ணையும் ஒன்றுக்கு இரண்டு பங்காகக் கலந்தது, மேலே நாலு விரற்கடை அளவுக்கு உலர்ந்த மண். கட்டிகளை மண்வெட்டியால் கொத்தி உடைத்துக் கலப்பதில் சோம்பல் காட்டக் கூடாது. கட்டியாக விட்ட சோறு மூன்று வாரம் கழித்தும் உள்ளே பசைபோல இருக்கும். கோணிச் சாக்கால் மூடி, மேலே ஒரு பலகையும் கல்லும் வையுங்கள். இல்லாவிட்டால் எலி மோப்பம் பிடித்துவிடும். மூன்றாம் மாடியெல்லாம் அதற்கு ஒரு தூரமே இல்லை.

முதல் மூன்று நான்கு நாள் புளிப்பு வாடை லேசாக இருக்கும். கையை உள்ளே விட்டால் மண் இளஞ்சூடாக இருக்கும். வெள்ளை இழைகள் ஓடியிருக்கும். மண்ணிலுள்ள, காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அமிலத்தையே உணவாக்கிக்கொள்வதால் பி.எச். மெல்ல நடுநிலைக்கு ஏறுகிறது. பத்தாம் நாள் ஒருமுறை கிளறிவிட்டால், சென்னைக் கோடையில் மூன்று வாரத்தில் சோறும் தோலும் அடையாளம் தெரியாமல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிக்குள் நீர் தேங்கினால் மறுபடியும் காற்றில்லாச் சூழலாகி நாறத் தொடங்கும்; அப்போது ஐந்து ஆறு வாரமும் ஆகலாம், மேலே மூடி கட்டாயம். விளைந்த மண்ணில் பாதியைச் செடிகளுக்கு எடுத்துக்கொண்டு, மறுபாதியை அடுத்த வாளிக்குக் கலவை மண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கும் அந்தப் பழைய மண், புது மண்ணைவிட வேகமாக வேலை செய்யும்.

இந்தக் காத்திருப்பைத் தாண்டிச் செல்லலாம் என்று நினைக்க வேண்டாம். என் முதல் ஆண்டில் வாளிச் சரக்கை நேராகத் தக்காளி நாற்றுகளின் அடியில் புதைத்தேன். நான்காம் நாளே அடியிலைகள் மஞ்சளாகி, பிடுங்கிப் பார்த்தால் வெள்ளை வேர்கள் பழுப்பாகச் சுருண்டிருந்தன. அமிலம் ஒரு காரணம். மட்கத் தொடங்கும் பொருள் வேரைச் சுற்றியிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்வது இன்னொரு காரணம். நிலத்தில் வளர்ந்த மரத்திலிருந்து ஓரடி தள்ளிக் குழியெடுத்துப் புதைத்தால் ஒன்றும் ஆகாது. தொட்டியில் வேருக்கு ஓடி ஒளிய இடமில்லை. உப்பும் அப்படித்தான். நம் சமைத்த உணவில் உப்பு உண்டு. அது மட்காது, மறையாது, மண்ணிலேயே சேரும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கலவை மண்ணை மழையில் நன்றாக நனையவிட்டு வடித்துவிடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகிய மூன்றையும் வாளியில் சேர்ப்பதைத் தவிர்த்தாலே உப்பின் பாரம் குறையும்.

வாளியின் அடியிலுள்ள குழாய் வழியாக வடியும் கசிவுநீரை அருமருந்தாகப் பேசுகிறார்கள். அதில் சத்து உண்டுதான், ஆனால் எவ்வளவு என்பது நீங்கள் அந்த வாரம் என்ன சமைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றுக்கு நூறு பங்கு நீர் சேர்த்து, அன்றைக்கே, மண்ணில் மட்டும் ஊற்றலாம். இலையில் தெளிக்க வேண்டாம். நான் பெரும்பாலும் அதைச் சாக்கடைக் குழாயில்தான் விட்டுவந்தேன். ஒருமுறை பொங்கலுக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் குழாயைச் சரியாகத் திருகாமல் போய்விட்டேன். ஐந்து நாள் கழித்து வந்தபோது கறுப்புக் கடப்பைக்கல் மேடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய வட்டம். கடப்பைக்கல் சுண்ணாம்புக்கல் இனம். அமிலம் அதைத் தின்றுவிட்டது. எத்தனை தேய்த்தும் அந்த வட்டம் போகவில்லை. வீட்டில் அதைக் காட்டி இன்றும் ஒரு பேச்சு விழுகிறது. இப்போதெல்லாம் வாளியடியில் அட்டைத் துண்டுகளையும் உலர்ந்த நார்க்கழிவையும் நாலு விரல் உயரத்துக்குப் போட்டுவிடுகிறேன். நீரை அவையே குடித்துக்கொள்கின்றன, குழாயே தேவைப்படுவதில்லை. அதனால், மூடி இறுக்கமாக இருக்கும் 20 லிட்டர் பழைய பெயின்ட் வாளியே போதும்.

சுகாதாரம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த அளவு அமிலத்தில் நோய் தரும் பாக்டீரியாக்கள் பல வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் வெப்ப எருக்குழியில்போல் 55, 60 டிகிரி சூடு இங்கே எழுவதில்லை. விதைகளும் குடற்புழு முட்டைகளும் எல்லாமே சாகும் என்று நம்ப முடியாது. நாய், பூனைக் கழிவையும் குழந்தையின் டயப்பரையும் இதில் சேர்க்கவே கூடாது. பசுமைக்குடில் வாயு வெளியேறுவதில்லை என்ற விளம்பரமும் பாதிக் கணக்குதான். வாளிக்குள் வெளியேறாத கரியமில வாயு, மண்ணில் மட்கும்போது வெளியேறத்தான் செய்யும். குப்பைமேட்டில் அழுகி மீத்தேனாவதைவிட அது மேல் என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

உங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். எங்கள் நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 700, 800 கிராம் ஈரக் கழிவு வருகிறது; 20 லிட்டர் வாளி ஏறத்தாழ மூன்று வாரத்தில் நிரம்புகிறது, அடுத்த இரண்டு வாரம் மூடியே இருக்கிறது, அதற்குள் இரண்டாவது வாளி நிரம்பிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு வாளி வீதம் மண்தொட்டிக்குப் போகும். ஏழெட்டுப் பூந்தொட்டிக்கு இவ்வளவு எரு அதிகம். மொட்டைமாடியில் பொதுத் தோட்டம் உண்டா, எடுத்துக்கொள்ள யாராவது உண்டா என்று விசாரியுங்கள். இரண்டும் இல்லையென்றால், காய்த்தோலை மட்டும் மண்பானை அடுக்கில் உலர் இலையோடு மட்கவிட்டு, சோற்றையும் மீனையும் மட்டும் பொகாஷிக்கு ஒதுக்குவது உங்களுக்குப் பொருந்தும். அதுவும் முடியாத வாரத்தில், புளித்த சரக்கை மக்கும் குப்பைத் தொட்டியில் சேர்த்துவிடலாம், தவறில்லை. மின்சாரத்தில் இயங்கி ஒரே இரவில் எருவாக்குவதாகச் சொல்லும் பெட்டிகளைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: அவற்றில் பல கழிவை உலர்த்திப் பொடிக்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பொடியை நனைத்து இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இப்போது கையிலிருக்கும் வாளியை அவசரப்பட்டுக் கொட்டிவிட வேண்டாம். இறுக்கி மூடினால் இன்னும் ஒரு மாதம்கூட அப்படியே இருக்கும். ஊறுகாய்க்கு என்ன அவசரம். அதற்குள் டிரம்மும் இரண்டு மூட்டைச் செம்மண்ணும் வாங்கிவிடுங்கள். மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு கலந்துவிடுங்கள். அந்த அரைமணி நேரம் வாடை கொஞ்சம் பலமாகத்தான் இருக்கும், வீட்டில் மற்றவர்களிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.